கவுன்சிலர் ஆகப்போகிறவருக்கு ரோமாபுரி யோசனைகள்

அம்பத்தூர் ஓ.டி.யோ, ஆவடி மார்க்கெட்டோ, பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டோ, ஃப்ளெக்ஸ் எங்கே கட்டுவதாக இருந்தாலும் சரி, அண்ணே, டிசைன் போடும் தம்பியிடம் உட்காருவதற்கு முன் எழும்பூர் அருங்காட்சியகம் வரை ஒரு நடை போய் வாருங்கள். (வெள்ளிக்கிழமை போகாதீர்கள், விடுமுறை.) நம் மண்ணில் கிடைத்த ரோமானியக் காசுகள் அங்கே இருக்கின்றன. விரல்நுனி அளவு வெள்ளியில் முழு அரசியலும் அடங்கியிருக்கும்.

முதலில் முகம். உயிரோடிருக்கும் தலைவர் தன் முகத்தைக் காசில் போட்டுக்கொள்வது ரோமில் வழக்கமில்லை. கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் போட்டுக்கொண்டார். சில வாரங்களில் கத்திக்குத்து. குத்தியவர்களில் ஒருவரான புரூட்டஸாவது அடக்கமாக இருந்தாரா? ஒருபுறம் தன் முகம், மறுபுறம் இரண்டு குத்துவாள், குத்திய தேதி என்று அவரும் காசு அடித்தார். கொள்கை எதுவானாலும் முகம் பெரிசாக இருக்கட்டும்.

ராசியைச் சேர்க்கக் கூச்சப்படாதீர்கள். சக்கரவர்த்தி அகஸ்டஸ் மகரத்தையே காசில் பொறித்தவர்.

வாரிசு விஷயத்தில் மட்டும் நிதானம் தேவை. அகஸ்டஸ் தன் மகள் வயிற்றுப் பேரன்கள் கையஸ், லூசியஸ் இருவரையும் தத்தெடுத்து, கேடயமும் ஈட்டியுமாகக் காசில் நிறுத்தினார். லூசியஸ் கி.பி. 2இலும் கையஸ் கி.பி. 4இலும் இறந்துபோனார்கள். பதவி, மனைவியின் முதல் கணவருக்குப் பிறந்த மகன் திபேரியஸுக்குப் போனது. ஆனால் பேரன்கள் படம் போட்ட காசு கப்பலேறிக் கொங்குநாடு வரை வந்து, இன்றும் புதையல்களில் அகப்படுகிறது. கூடவே திபேரியஸின் காசும். அதன் பின்புறம் ஓர் அம்மையார் அமர்ந்திருக்கிறார். அது திபேரியஸின் தாயார் லிவியா என்பார்கள். அம்மா படத்தின் அருமையை நம் கட்சிக்காரர்களுக்கு யார் சொல்லித்தர வேண்டும்?

இத்தனையும் செய்தாலும், பார்ப்பவர் பார்வை வேறு. அன்றைய நம்மூர் வியாபாரிக்கு லத்தீன் முக்கியமில்லை, எடைதான் முக்கியம். கி.பி. 64 வாக்கில் சக்கரவர்த்தி நீரோ காசில் வெள்ளியைக் குறைத்தார். அதற்குப் பிந்திய வெள்ளிக்காசு இங்கே அரிது. 1898இல் புதுக்கோட்டைப் பக்கம் கிடைத்த 501 தங்கக் காசுகளில் பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் முகத்துக்குக் குறுக்கே ஒரு வெட்டு.

ஆகவே ஃப்ளெக்ஸ் கெட்டியாக இருக்கட்டும், அண்ணே. தேர்தல் முடிந்ததும் திருமுல்லைவாயலில் யாராவது அதை அவிழ்த்துப்போய் மழைக்குக் கூரையில் விரிப்பார். உங்கள் முகம் மேலே பார்க்க வேண்டுமா, கீழே பார்க்க வேண்டுமா என்பது அவர் இஷ்டம்.