தனி ஆவர்த்தனமும் முழங்கால் மூட்டும்: ஒரு மார்கழி ஆய்வு

சென்னைச் சபாக்களில் மிருதங்க வித்வான் தனி ஆவர்த்தனத்தைத் தொடங்கியதும் ரசிகர்களில் ஒரு பகுதியினர் எழுந்து கேன்டீனை நோக்கி நடப்பது தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் ஒன்று. லய ஞானம் போதாது என்பது ஒரு சாரார் கொள்கை. ரவா தோசை மீதுள்ள பற்று என்பது மறு சாரார் கொள்கை. இரண்டையும் மறுத்து, இது முழுக்க முழுக்க மூட்டுப் பிரச்சினை என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் குளிர். மார்கழி விடியலில் சென்னையின் வெப்பநிலை 20 டிகிரி செல்சியசை ஒட்டி இறங்கும். ஊட்டிக்காரர் இதைக் குளிர் என்று ஒப்பமாட்டார். ஆண்டு முழுதும் வேர்த்து வாழ்ந்த மயிலாப்பூருக்கோ, பீரோவிலிருந்து குரங்குக் குல்லாவை எடுக்க அது தாராளம். போதாததற்கு அரங்கில் ஏசி.

இனி முழங்கால். ஆரோக்கியமான முழங்காலுக்குள் இருக்கும் மூட்டுத் திரவம் ஒரு தேக்கரண்டிகூட வராது. ஹயலுரோனிக் அமிலம்தான் அதற்கு வழவழப்பைத் தருகிறது. குளிரில் அது மார்கழித் தேங்காய் எண்ணெய்போல உறைந்துவிடாது. சற்றே தடிக்கும், அவ்வளவுதான். உண்மையான வில்லன் அசையாமை. எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. கால் அசையும்போது அது அழுந்தி விரிந்து, அந்தத் திரவத்திலிருந்தே தன் உணவை எடுத்துக்கொள்கிறது. வர்ணத்தில் மடக்கிய காலை ராகம், கீர்த்தனை, நிரவல் முடிந்தும் நீட்டாதவரின் குருத்தெலும்பு அத்தனை நேரமும் பட்டினி. தேய்மானம் கண்ட மூட்டு என்றால் எழும்போது பிடித்துக்கொள்ளும். நாலு எட்டு நடந்தால் விட்டுவிடும். (காலை எழுந்ததும் வரும் இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் விஷயம் வேறு, முடக்குவாதமா என்று மருத்துவர் பார்க்க வேண்டும்.) நெடுநேரம் மடக்கி உட்கார்ந்ததால் சில்லின் பின்னே வரும் வலிக்கு மேல்நாட்டு மருத்துவர்கள் சினிமா ரசிகர்களின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். அவர்கள் கச்சேரிக்கு வந்ததில்லை போலும்.

வானிலைக்கும் மூட்டு வலிக்கும் உறவுண்டா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போனதில்லை. 1996இல் ரெடல்மியரும் ட்வெர்ஸ்கியும் 18 முடக்குவாத நோயாளிகளை 15 மாதம் கவனித்து, உறவு ஏதுமில்லை என்றனர். 2019இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகக் குழு, கைப்பேசிச் செயலியில் 2,600க்கு மேற்பட்டோர் பதிந்த வலிக் கணக்கை ஆராய்ந்து, ஈரப்பதமும் காற்றும் கூடி அழுத்தம் குறையும் நாள்களில் வலி கொஞ்சம் கூடுகிறது என்றது. குளிர்மீது மட்டும் குற்றம் உறுதியாகவில்லை. வடகிழக்குப் பருவமழையின் வாலைப் பிடித்துக்கொண்டு வரும் சென்னை டிசம்பரில் ஈரத்துக்கு என்ன பஞ்சம்?

இங்கே ஒரு மறுப்பு எழும். 1908இல் பிறந்த செம்மங்குடி சீனிவாச ஐயர் எண்பதைத் தாண்டியும் மேடையில் சம்மணமிட்டுப் பாடினாரே? பாடினார். ஆனால் பாடுகிறவர் சிலையாக இருப்பதில்லை: தொடையில் தாளம் விழும், உடல் ஆடும், ஆசனம் மாறும். ரசிகர்தான் மடியில் சால்வையோடு ஆணியடித்தாற்போல் இருக்கிறார். சால்வையைத் தோளிலிருந்து முழங்காலுக்கு இறக்கினால் பாதி ஆறுதல்.

சிலர் தைலத்தை நம்புகிறார்கள். மூன்றாம் வரிசை வரை மணக்கும் அதன் மென்தால், தோலிலுள்ள குளிர் உணர்விகளையே தட்டி எழுப்புகிறது. குளிரால் வந்த வலிக்குப் பொய்க் குளிரைப் பூசும் இம்முறை, அறிவுக்குப் பொருந்தாமலே பலருக்கு இதம் தருகிறது. கேன்டீன் வழியோ நேரடியானது: நடை முழங்காலுக்கு, சூடான டபரா விரல் மூட்டுகளுக்கு.

மிருதங்க வித்வான்களின் மனம் நோகாமல் இருக்க வேறொரு முறையும் உண்டு. இருந்த இடத்திலேயே அட்சரத்துக்கு ஒரு குதிகாலாக, இடமும் வலமும் மாற்றி உயர்த்தி இறக்கலாம். ஆவர்த்தனத்துக்கு ஒருமுறை முழங்காலை நீட்டி மடக்கலாம். ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம், கணக்கு சுத்தமாக வரும். மிஸ்ர சாபுவில்தான் சிக்கல்: எண்ணிக்கை ஏழு, கால் இரண்டு, ஒவ்வொரு ஆவர்த்தனத்திலும் தொடங்கும் கால் மாறிவிடும். சமத்தில் எந்தக் கால் என்று தெரியாத ரசிகர் கேன்டீனுக்கே போய்விடுவது நல்லது.