எட்டு போட்டா ஆச்சா?

ஏடே தம்பி, மவனுக்குப் பதினெட்டு முடிஞ்ச கையோட பைக் எடுத்துக் குடுத்துட்டியாம்லா? சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கி, மாலை போட்டு, படம் பிடிச்சு ஸ்டேட்டஸும் வச்சாச்சு. எல்லாஞ் சரி. ஹெல்மெட் எங்கடே? ரோட்டோரத்துல குவிச்சுப் போட்டு விக்கான் பாரு, அதுல ஒண்ணா? ஐஎஸ்ஐ முத்திரை இருக்கான்னு திருப்பியாவது பாத்தியா? போனுக்கு உறை வாங்க மட்டும் கடை கடையா ஏறி எறங்குனியே!

"அவன் ஒம்பதாங் கிளாஸ்லயே ஓட்டுவான் பெரியப்பா"ன்னு பெருமை வேற. மாட்டாம இருந்தது ஒன் அதிர்ஷ்டம். 2019-ல சட்டத்தைத் திருத்திட்டான். பதினெட்டு ஆகாத புள்ள ஓட்டி மாட்டுனா, குத்தவாளி அப்பந்தான். 25,000 ரூவா அபராதம், 3 வருசம் வரைக்கும் செயிலு. வண்டிப் பதிவு 12 மாசத்துக்கு ரத்து. புள்ளைக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸே கெடையாது. பொண்ணு பாக்கப் போறப்பவும் பஸ்லதான் போவணும்.

இப்ப எல்எல்ஆர் போட்டிருக்கானாம். 30 நாள் ஆனா எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கிருவானாம். எல்எல்ஆர் 6 மாசம் செல்லும்லா, என்னடே அவசரம்? எட்டு போடுத கிரவுண்டுல எருமை குறுக்க வருமா? ரோட்டுல உளுந்து காயப் போட்டிருப்பாவளா? முன்னால போற டவுன் பஸ் திடுக்குனு நிக்குமா?

நீ பின்னால ஏறி உக்காரு. மொதல்ல விடியக்காலம் ஆளில்லாத ரோடு. பெறவு பஜாரு. அதுக்கும் பெறவு, எதுத்தாப்புல லைட்டு கண்ணக் கூசுத ராத்திரி. மழையிலயும் ஒருக்கா கூட்டிட்டுப் போ. மொத மழைக்கு ரோட்டுல எண்ணெய்ப்பசை மெதக்கும், மணல்ல முன் பிரேக்கைச் சட்டுனு புடிச்சா வண்டி வாரும்னு அவனே பாக்கட்டும். 60-ல போறவன் ரெண்டு செகண்டு போனைப் பாத்தா, 33 மீட்டரு கண்ண மூடிட்டுப் போன கணக்கு. எங்க, ஒன் தெருவுல அளந்து காட்டு. எத்தனை வீட்டு வாசல் தாண்டுதுன்னு அவனே எண்ணுவான்.

இம்புட்டும் சொல்லிக் குடுக்க ஒனக்கு யோக்கியதை இருக்கான்னு கேக்கியா? அதான் எனக்கும் சந்தேகம். சின்னப்புள்ளையில அவன டேங்க் மேல உக்கார வச்சே. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவுல சொருகுனே. சுத்திப் போவச் சோம்பப்பட்டு எதுத்தாப்புல ஏறுனே. போலீசைக் கண்டா மட்டும் ஹெல்மெட்ட மாட்டுனே. டிரைவிங் ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னாலயே பையன் பத்து வருசம் ஒங்கிட்டதான் படிச்சிருக்கான்.

நாளைக்கு டீக்கடைக்குப் போறப்ப ஹெல்மெட்ட மாட்டிட்டுப் போடே. சிரிக்கவன் சிரிக்கட்டும். மவனுக்கு வாங்கும்போது ரெண்டா வாங்கு. பின்னால உக்காருதவனுக்கும் கட்டாயம்தான்.