மன்னாரில் மௌன காலம்

தேர்தலுக்கு முந்திய இரண்டு நாளும் பிரசாரத்துக்குத் தடை. மன்னார்ப் பட்டினத்தில் அந்தச் சட்டத்தை முழுமனதோடு மதிப்பவை நடுத்தெருவில் நிற்கும் கழுதைகள் மட்டுமே. வேட்பாளர்களுக்கோ உள்காய்ச்சல். தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்கு அவர்கள் விட்ட கப்பல் முந்தநாள் மேடைவரை ஓடியது. இனி அடுத்த தேர்தல்வரை கரையில் ஓய்வு.

வாக்காளருக்கும் கலக்கம் உண்டு. 2024 ஜனாதிபதித் தேர்தலில் வாக்குச்சீட்டு ஒரு முழத்தையும் தாண்டியது. புள்ளடி போடுவதற்குள் ஆளைத் தேடிக் களைத்தோம்.

"ஆர் வந்தென்ன, எங்கட பாடு இதுதானே" என்று சாய்மனைக் கதிரையில் கிடப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1990இல் இங்கிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள், 2019 நவம்பர் 16 அன்று புத்தளத்திலிருந்து பஸ்களில் மன்னாருக்கு வாக்களிக்க வந்தார்கள். வழியில் தந்திரிமலையில் யாரோ டயர் எரித்து வழிமறித்து, பஸ்கள்மீது சுட்டார்கள். நல்லவேளை, உயிர்ச்சேதமில்லை.

உங்கள் வாக்கின் பெறுமதி உங்களுக்குத் தெரியாவிட்டாலும் துவக்கெடுத்தவனுக்குத் தெரிந்திருக்கிறது. அடையாள அட்டையை இன்றிரவே எடுத்து வையுங்கள். விடிந்ததும் போய்ப் புள்ளடியைப் போட்டுவிட்டு வாருங்கள்; சாய்மனைக் கதிரை எங்கேயும் ஓடிவிடாது.