பத்து பேர்ச்சஸ், ரெண்டு கியூப், ஒரு ராத்தல்

மடவளை பஸார் பக்கம் காணி விற்க வருகிறவர் எவரும் சதுர மீட்டரில் பேச்சை ஆரம்பிக்க மாட்டார். "பத்து பேர்ச்சஸ், ரோட்டோரக் காணி, தண்ணியும் ஈக்குது" என்பார். அதையே "253 சதுர மீட்டர்" என்று சொன்னால் கணக்கு சரிதான். ஆனால் தரகருக்கு நம்மீது சந்தேகம் வந்துவிடும்.

ஒரு பேர்ச் என்பது பதினாறரை அடிக் கோலின் சதுரம், அதாவது 272¼ சதுர அடி. கோலுக்கு நீளம் குறிப்பது எப்படி என்று 1535இல் ஜெர்மனியில் யாக்கோப் கோபல் என்பவரின் புத்தகம் சொல்லிக்கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் விட்டு வெளியே வருகிறவர்களில் பதினாறு பேரை, நெட்டை குட்டை பார்க்காமல் நிறுத்து. இடது பாதங்களை ஒன்றன்பின் ஒன்றாக வைக்கச் சொல். வந்த நீளம்தான் கோல். ஆங்கிலேயரின் கோலில் மட்டும் பதினாறுக்கு மேல் ஓர் அரை அடி. அங்கே யாரோ பெரிய சப்பாத்துக்காரர் நின்றிருக்க வேண்டும். இந்தச் சோதனையை நம்மூரில் ஜும்ஆ முடிந்து செய்து பார்க்கலாம் என்றால், பதினாறு பேரும் செருப்பைத் தேடிக் கண்டுபிடிக்கவே அஸர் ஆகிவிடும்.

பேர்ச்சஸ் வருவதற்கு முன் கண்டி ராஜ்யத்தில் நிலத்தை அளந்தது கோல் இல்லை, விதை. பத்து லாஹ ஒரு பேல, நாலு பேல ஓர் அமுணம். ஓர் அமுணம் நெல் விதைக்கிற வயல் ஓர் அமுணம் வயல். ஏறக்குறைய இரண்டு, இரண்டரை ஏக்கர் வரும். "ஏறக்குறைய" என்றுதான் சொல்ல முடியும், ஏனென்றால் மண் எப்படி, விதைக்கிறவன் கை எப்படி என்பதைப் பொறுத்து வயல் நீளும், சுருங்கும். மேட்டு நிலமென்றால் குரக்கன் விதைப்பில் சொல்வார்கள். குரக்கன் பொடித் தானியம் ஆனதால் ஒரு சேர் விதை பெரிய பரப்பைப் பிடிக்கும். பழைய உறுதிகளில் இவையெல்லாம் இன்னும் உயிரோடு இருக்கின்றன. சகோதரர்கள் கோர்ட்டுக்குப் போக அந்த ஒரு வரி போதும். சட்டத்தரணிகள் அமுணத்தை மறக்காமல் இருப்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

தூரத்துக்கும் கண்டிக்காரர் வைத்திருந்த முறை எனக்கு மிகவும் பிடிக்கும். எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட புத்தகத்தில் குறித்திருக்கிறார். நாய் குரைப்பது கேட்கிற தூரம் கால் மைல். சேவல் கூவுவது கேட்கிற தூரம் அதைவிடச் சற்றுக் கூட. மனிதன் அடித்தொண்டையில் "ஹூ" போட்டால் கேட்கிற தூரம் ஒரு ஹூ. 1983இல் விஞ்ஞானிகள் கூடி, ஒளி வெற்றிடத்தில் ஒரு செக்கனின் 299,792,458இல் ஒரு பங்கு நேரத்தில் போகிற தூரம்தான் மீட்டர் என்று முடிவு செய்தார்கள். அருமையான முடிவு. ஆனால் வழி கேட்கிறவனுக்கு நாய்தான் உதவும்.

இலங்கைக்கு மெட்ரிக் முறை 1970களிலேயே வந்துவிட்டது. 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் இருக்கிறது. மெட்ரிக் எதுவரை வந்திருக்கிறது என்று பார்க்க, வீடு கட்டுகிற இடத்தில் ஒரு நாள் நின்றால் போதும். காணி பேர்ச்சஸில், வீடு சதுர அடியில், மணல் கியூபில் (ஒரு கியூப் என்றால் நூறு கன அடி), சீமெந்து ஐம்பது கிலோ பையில், கம்பி மில்லிமீட்டரில், தண்ணிக் குழாய் அங்குலத்தில், பெயின்ட் லீட்டரில். பையிலோ டின்னிலோ அச்சடித்து வந்தால் மெட்ரிக். மனிதன் கையால் அளந்தால் அடி. மேசன் பாஸின் டேப்பில் ஒரு விளிம்பில் அங்குலம், மறு விளிம்பில் சென்டிமீட்டர். அங்குலப் பக்கத்தில் பாஸின் கட்டைவிரல் பட்டுப் பட்டு இலக்கங்கள் அழிந்துவிட்டன. சென்டிமீட்டர் பக்கம் கடையில் வாங்கிய அன்று போலவே பளபளக்கிறது. ஜன்னல் நிலை இறுக்கமாக இருக்கிறதே என்று கேட்டேன்.

"ரெண்டு நூல் சீவினா சரி நானா."

ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒன்று. ரெண்டு நூல் மில்லிமீட்டரில் எவ்வளவு என்று நான் ஃபோனை எடுத்துத் தட்டி 6.35 என்று கண்டுபிடிப்பதற்குள் ஜன்னல் பொருந்திவிட்டது.

எல்லாவற்றிலும் கெட்டிக்கார அலகு ராத்தல்தான். தராசை விட்டுப் போய்ப் பல காலமாகியும் பாணை விடவில்லை. உண்மையான ராத்தல் 453.59 கிராம். முழுப் பாண் 450 கிராம் இருக்க வேண்டும் என்று 2024இல் வர்த்தமானி வந்தது, அதிலும் 13.5 கிராம் குறைந்தால் மன்னிப்பு உண்டு. அதாவது ராத்தல் மெட்ரிக்குக்கு மாறியபோது மூன்றரை கிராம் சொச்சம் பேக்கரிக்குப் போனது, மேலே பதின்மூன்றரை இனாம். இந்தக் கணக்கை அடுப்புச் சூடு குறையாத பாணின் முன்னால் நின்று யாரும் போடுவதில்லை. போட்டால் என்ன ஆகும் என்று பார்க்க ஒரு நாள் சந்திக் கடையில், "நானூற்றைம்பது கிராம் பாண் ஒண்டு தாங்க" என்று கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார், உள்ளே போய்ப் பெரிய பாணாக ஒன்றைத் தேடி எடுத்து வந்தார், காசை நீட்டியபோது மெதுவாகக் கேட்டார்: "சேர், நுகர்வோர் அதிகார சபையா?"