பொட்டிக்குள்ள ஒரு கோடி

ஏலே, விடியவிடிய அந்த லேப்டாப்பு முன்னால குத்தவச்சு உக்காந்திருக்கியே, இது எத்தனையாவது கோடிடே? நேத்து ராத்திரி மூணு தடவ "ஜெயிச்சுட்டேன்"னு கூவுன. தொழுவத்துல மாடு மிரண்டு போச்சு. எவனோ களவாங்க வந்துட்டான்னு உன் ஆச்சி உலக்கையைத் தூக்கிட்டா. மூணு கோடி சம்பாதிச்ச பய, காலையில டீ குடிக்க எங்கிட்ட பத்து ரூபா கேக்கான். தப்பில்லடே. பெரிய பணக்காரங்க சேப்புல சில்லறை வச்சுக்க மாட்டாவல்லா.

வெளையாடு, வேண்டாங்கல. ஆனா பூர்வீகம் தெரிஞ்சு வெளையாடு. 1998 செப்டம்பர்ல இங்கிலாந்துல ஐடிவிங்கிற சேனல்ல இந்த 'மில்லியனர்' கேள்வி ஆட்டம் மொளைச்சுது. அப்ப கேள்வி கேட்டவரு கிறிஸ் டாரன்ட்னு ஒருத்தர். பதினஞ்சு கேள்வி, கடைசிக்குப் பத்து லட்சம் பவுண்டு. அந்த மனுசன் செக்கை எழுதி நீட்டுவாரு, நீ கை வைக்கப் போனா வெடுக்குன்னு இழுத்துக்கிடுவாரு. நம்ம சந்தைத் தரகன் கயித்தைக் கையில குடுத்துட்டு மாட்டை ஓட்டிட்டுப் போவான்லா, அதே சாதுரியம். அடுத்த வருசமே ஆட்டம் அமெரிக்காவுக்குப் போச்சு. 2000-ல இந்தியில அமிதாப் பச்சன், நமக்கு சன் டிவியில சரத்குமார், 'கோடீஸ்வரன்'னு. அப்ப நம்ம வீட்டுலதான் தெருவே உக்காந்து பாக்கும். வெளிய உக்காந்து சொன்ன விடைக்கெல்லாம் துட்டு குடுத்திருந்தா, இந்தத் தெருவுல மண் சொவரு ஒண்ணு மிஞ்சியிருக்காது.

இப்படி சனம் வாயைப் பொளந்து பாக்குறதைப் பாத்ததும் 1999-லயே அமெரிக்காவுல டிஸ்னிக்காரங்க இதைக் கம்ப்யூட்டர் வெளையாட்டா விட்டுட்டாவ. செஞ்சு குடுத்தது ஜெல்லிவிஷன்னு ஒரு கம்பெனி. அங்க டிவியில கேள்வி கேட்ட ரெஜிஸ் ஃபில்பினே குரல் குடுத்தாரு. அதே திக்திக் இசை, அதே நாலு விடை, விடை தெரியாதவனுக்கு உதவ அதே மூணு லைஃப்லைனு. எல்லாம் உண்டு, துட்டு மட்டும் கிடையாது. கல்யாணப் பந்தியில எலை போட்டு, தண்ணி தெளிச்சு, உப்பு ஊறுகா வச்சு, "சாப்பாடு நல்லாருந்துதா?"ன்னு கேட்டு எந்திரிக்கச் சொன்ன கதைதான்.

துட்டு போனா என்ன, அறிவு வளருதேங்க. சரிடே. உன்னை ஒண்ணு கேக்கேன். அந்த ஆட்டத்துல "போதும், குடுத்ததை வாங்கிக்கிட்டுப் போறேன்"னு ஒரு பொத்தான் இருக்கும். அதை ஒரு நாளாவது அமுக்கியிருக்கியா? இல்லல்லா. ஏன்? இங்கிலாந்துல அந்த ஆரம்ப காலத்துல அஞ்சு லட்சம் பவுண்டைக் கையில வச்சுக்கிட்டு கடைசிக் கேள்விக்கு விடை சொன்னவன், தப்பாச் சொன்னா 32,000-க்கு வந்து விழுவான். 4,68,000 பவுண்டு ஒரு வார்த்தையில போயிரும். அவன் பொண்டாட்டி கூட்டத்துல உக்காந்து அவனையே பாத்துக்கிட்டிருப்பா. அந்தப் பயலுக்கு நாக்கு ஒட்டிக்கிடும், தலைநகரம் பேரு கூட மறந்து போகும். அங்ஙன நடக்கது பொது அறிவுப் பரீட்சை இல்லடே, பேராசைக்கும் பயத்துக்கும் நடக்க கபடி. உனக்கு? தப்பாப் போனா மறுபடியும் முதல்லயிருந்து. பயமே இல்லாத இடத்துல உன்னளவு வீரன் எவன் உண்டு!

அந்த லைஃப்லைனையும் சொல்லிப்புடுதேன். 1999 நவம்பர்ல ஜான் கார்ப்பென்டர்னு ஒரு வருமான வரிக்காரர் அமெரிக்காவுல கடைசிக் கேள்வி வரைக்கும் வந்தாரு. போன் போட்டு உதவி கேக்கேன்னாரு. அவங்க அப்பாவைக் கூப்பிட்டு, "உதவி ஒண்ணும் வேண்டாம்ப்பா, பத்து லட்சம் டாலர் ஜெயிக்கப் போறேன், சொல்லலாம்னு கூப்பிட்டேன்"னாரு. சொன்ன மாதிரியே ஜெயிச்சாரு. எவ்வளவு ஏத்தம் பாத்தியா! நீ அந்தப் போன் பொத்தானை அமுக்குனா எந்த அப்பன் எடுப்பான்? கம்பெனிக்காரன் என்னைக்கோ பதிஞ்சு வச்ச குரல்தான் பேசும். சனங்களைக் கேட்டா நூத்துக்கு எழுவதுங்கும். அந்த எழுவது பேரும் பொறக்கவே இல்லடே. கணக்கு போட்டு வச்ச ஓட்டு. நம்ம ஊருலயும் அது உண்டுங்கியா? அது வேற கதை, இப்ப வேண்டாம்.

டிவி ஆட்டம் பொட்டிக்குள்ள போறது புதுசில்லடே. மில்லியனருக்கு முன்னாலயே 'ஜெப்பர்டி'ன்னு ஒரு அமெரிக்க டிவி ஆட்டம். 1964-ல ஆரம்பிச்சது. அங்க விடையைச் சொல்லுவான், நீ கேள்வியாப் பேசணும். உன் ஆச்சி மாதிரி. அதை 1988-ல நிண்டெண்டோ வெளையாட்டுப் பொட்டிக்குக் கொண்டாந்தாவ. கைப்புடியில எழுத்துப் பலகை கிடையாதுல்லா, ஒவ்வொரு எழுத்தாத் தேடிப் பொறுக்கணும், கடிகாரமும் ஓடிக்கிட்டிருக்கும். விடை தெரிஞ்சவனும் எழுத்துக்கூட்டத் தெரியாம தோக்கலாம். அஞ்சாம் வகுப்புல நான் பட்ட பாடு அதுதான்.

தலைகீழாவும் ஒரு தடவ நடந்துச்சு. மில்லியனரைக் கம்ப்யூட்டர் ஆட்டமாச் செஞ்சுதே ஜெல்லிவிஷன், அவங்களோட சொந்தக் கம்ப்யூட்டர் ஆட்டம் 'யூ டோன்ட் நோ ஜாக்'. 1995-ல வந்தது. கேள்வி கேக்கவனே உன்னை நக்கல் அடிப்பான், தப்புப் பண்ணுனா மானத்தை வாங்குவான். சனத்துக்கு அம்புட்டுப் பிரியம். சரி, இதை டிவிக்குக் கொண்டு போவோம்னு 2001-ல ஏபிசி சேனல்ல போட்டாவ. ஆறே எபிசோடு, மூட்டையைக் கட்டிட்டாவ. வீட்டுல ஒத்தையில உன்னைக் கேலி பண்ணுனா இனிக்கும், அடுத்தவன் கேலி வாங்குறதை உக்காந்து பாக்கது வேற ருசியாப் போச்சுபோல.

அதனால பேராண்டி, உனக்கு நெசமாவே பயிற்சி வேணும்னா தாத்தா ஒரு ஒத்தாசை பண்ணுதேன். அந்த லேப்டாப்பை மூடு. நான் கேள்வி கேக்கேன். ஒவ்வொரு தப்புக்கும் உன் சேப்புலயிருந்து பத்து ரூபா என் மடிக்கு வரணும். அப்பப் பாரு, நாக்கு எப்படி ஒட்டுதுன்னு. ஆரம்பிப்போமா? முதல் கேள்வி. போன தைப்பொங்கலுக்கு எங்கிட்ட கைமாத்து வாங்குன இருநூறு ரூபாயை எப்பத் தரப்போற? அ, இன்னைக்கு. ஆ, இப்பவே. இ, இந்த நிமிசம். ஈ, மேல சொன்ன எல்லாம்.

எங்கடே எந்திரிக்க? ஆச்சிக்குப் போன் போடக் கூடாது.