ஹீட் கன்னும் எவர்சில்வர் தட்டும்: இல்லற வெப்பக்காற்றியலுக்கு ஒரு தோற்றுவாய்

வீட்டில் ஹீட் கன் பிடிப்பது பற்றி இதுவரை எவரும் ஆராயவில்லை என்பது இவ்வாய்வாளரின் துணிபு. தேடிப் பார்த்தீரா என்று கேட்கலாகாது. எவரும் தொடாத களம் என்று முன்னுரையில் எழுதிவிட்டு அப்புறம் நூலகத்துக்குப் போவது ஆய்வு மரபு அன்று. ஆய்வு எல்லை: ஏழு வீடுள்ள ஓர் அடுக்ககம். ஆய்வுக் காலம்: கரண்ட் இருந்த நேரம். நெறியாளர்: மூன்றாம் மாடி மாமா.

சங்கச் சான்று

எந்தப் பொருளும் சங்க இலக்கியத்தில் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் பட்டம் கிடைக்காது. ஹீட் கன் குறுந்தொகை 172ஆம் பாட்டில் இருக்கிறது. ஏழு ஊர்களின் வேலைக்கும் பொதுவாக ஓர் ஊரில் கட்டிவைத்த உலைத் துருத்தி ஓய்வில்லாமல் மிதிபடுவதுபோல் தன் நெஞ்சு வருந்துவதாகத் தலைவி சொல்கிறாள். பாடியவர் கச்சிப்பேட்டு நன்னாகையார். காற்று இருக்கிறது, சூடு இருக்கிறது, ஓசி கேட்டு வர ஆறு ஊர்கள் இருக்கின்றன. வேறென்ன வேண்டும்?

துருத்தி தருவது காற்று மட்டும்தானே, சூடு உலையினுடையது அல்லவா என்று சிலர் மறிப்பர். பத்துப் பதினைந்து அடி தள்ளிக் கிடக்கும் சொல்லை இழுத்துவந்து தமக்கு வேண்டிய சொல்லோடு சேர்த்து உரை கண்ட நச்சினார்க்கினியரைப் பொறுத்துக்கொண்டவர்கள், உலையையும் துருத்தியையும் ஒரே பிளாஸ்டிக் கூட்டுக்குள் சேர்த்த என்னையும் பொறுத்தருள்க. எங்கள் அடுக்ககத்திலும் வீடு ஏழு, கருவி ஒன்று. இதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

உள்ளமைப்பு

பின்னால் விசிறி. முன்னால் மைக்காவில் சுற்றிய நிக்ரோம் கம்பி. நிக்கல் ஏறத்தாழ 80 பங்கு, குரோமியம் 20 பங்கு என்ற இந்தக் கலவைக்கு ஆல்பர்ட் மார்ஷ் 1906இல் காப்புரிமை பெற்றார். செந்தணலாய்ச் சிவந்தாலும் இக்கம்பி எரிந்துபோவதில்லை; மேலே படியும் குரோமிய ஆக்சைடு அதைக் காக்கிறது. கம்பியைக் காக்கும் இன்னொன்று விசிறிக் காற்று. அந்தக் காற்று நுழையும் பின்பக்கச் சல்லடையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, முன்பக்கத்தை மட்டும் பயபக்தியோடு பார்த்திருப்பது அடுக்ககவாசிகளின் பொதுவழக்கு (மூன்றாம் மாடி மாமா, வாய்மொழி, லிஃப்ட் வரும்வரை).

குறைந்த சூட்டில் 300 முதல் 350 டிகிரி, கூடிய சூட்டில் 500 முதல் 600 டிகிரி செல்சியஸ் வரை காற்று வரும். காகிதம் 230 டிகிரி அளவில் பற்றிக்கொள்ளும். எனவே ஆய்வுக் குறிப்புகளைப் பக்கத்தில் வைக்கற்க. சில ஆய்வேடுகளுக்கு இவ்விதியிலிருந்து விலக்கு அளிக்கலாம்.

மின்னியல்

2000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 8.7 ஆம்பியர். 6 ஆம்ப் பிளக்கில் அது அடங்காது. அடாப்டர் போட்டால் அடங்கும் என்பது ஒரு மதம். அம்மதத்தினரின் சுவிட்ச் போர்டுகள் பழுப்பேறியிருப்பதைக் கள ஆய்வில் கண்டோம். மெல்லிய ஒயர் போட்ட எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினால், அந்த ஒயர் தரையில் கிடக்கும் இரண்டாவது ஹீட் கன் ஆகிவிடும். வாஷிங் மெஷினுக்குப் போட்ட 16 ஆம்ப் பாயிண்ட் கொள்ளத்தக்கது. கீசர் பாயிண்ட் ஈரமுள்ள இடத்தது, தள்ளத்தக்கது.

ஸ்லீவ்

ஒயர் ஒட்டுக்குமேல் போடும் ஸ்லீவ் ஹீட் கன் காட்டினால் ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கும். அந்த ஒயரின் கரண்ட்டை நிறுத்திவிட்டுச் செய்க.

ஸ்டிக்கர்

இனி இவ்வாய்வின் உயிர்நாடிக்கு வருகிறோம். புது எவர்சில்வர் தட்டின் நட்டநடுவே, சோறு விழும் இடம் பார்த்துக் கடைக்காரர் ஸ்டிக்கர் ஒட்டுகிறார். ஓரத்தில் ஏன் ஒட்டுவதில்லை என்பது தனி ஆய்வுக்குரியது. நகத்தால் கிள்ளினால் மேல்தாள் மட்டும் உரிந்து வரும். வெள்ளை அடித்தாளும் பசையும் தங்கும். தேய்க்கத் தேய்க்கப் பசை கறுத்துத் திட்டாகும். அந்தத் திட்டின் மேல்தான் பல குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் ரசம் சாதம் சாப்பிட்டு வருகின்றன.

இவ்விடயத்தில் நான்கு பள்ளிகள் உள. நகவாதிகள் கிள்ளுவர். எண்ணெய்வாதிகள் தேங்காயெண்ணெய் தடவி இரவெல்லாம் விடுவர். அடுப்புவாதிகள் தட்டைத் திருப்பித் தீயில் காட்டுவர். மெய்யியல் ஆழம் மிக்க நான்காம் பள்ளியினர், பாத்திரம் தேயத் தேய அதுவே போய்விடும் என்று இருந்துவிடுவர் (முதல் மாடிப் பாட்டி, கருத்துரை, மருமகளின் மறுப்புரை சமையலறைக் கதவுக்கு அப்பாலிருந்து வந்தமையால் முழுதும் செவிப்படவில்லை).

ஹீட் கன் இந்நால்வரையும் சமரசம் செய்கிறது. குறைந்த சூட்டில் வைத்து, தட்டின் அடிப்பக்கத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்து, கையை ஓரிடத்தில் நிறுத்தாமல் வட்டமாக ஆட்ட வேண்டும். சில நொடிகளில் பசை இளகும். அடுத்த கையில் பிடிதுணியோடு தட்டைப் பிடித்து, ஸ்டிக்கரின் மூலையை நிமிண்டி, படுக்கை வாக்கில் மெதுவாக இழுக்க முழுசாக உரிந்து வரும். வெடுக்கென்று இழுப்பவர் நகவாதியாகவே மறுபிறப்பெடுப்பார். மிச்சப் பசைக்குத் தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு. இங்கே இரண்டாம் பள்ளிக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

கையை ஆட்டாமல் ஒரே இடத்தில் காட்டினால் எவர்சில்வர் 300 டிகிரி வாக்கில் வைக்கோல் நிறம் பெறும். இன்னும் காட்டினால் நீலம் பாயும். இதைப் பொன்னாக்கும் ரசவாதம் என்று கொண்டு தட்டைப் பூஜை அறையில் வைத்தோர் உளர் (மூன்றாம் மாடி மாமா, மேற்படி, திருத்திய இரண்டாம் பதிப்பு, லிஃப்ட் பழுதான பின் மாடிப்படியில் மூச்சிரைப்போடு வெளியிட்டது, மாமி எழுதிய மதிப்புரையில், வைத்தது வேறு யாருமல்ல, இவர்தான் என்ற வரியோடு ஒப்புநோக்குக). பிளாஸ்டிக் குடத்தில் இம்முறையைக் கையாண்டால் குடம் கோணும். கண்ணாடி ஒரு பக்கம் மட்டும் சூடேறினால் விரிசல் விடும். நான்ஸ்டிக் தவாவில் கூடவே கூடாது. அதன் பூச்சு மிதமிஞ்சிச் சூடானால் கெட்ட புகை விடும்.

பெயிண்ட்

பழைய கதவுப் பெயிண்டைக் குமிழவைத்துப் பட்டித் தகட்டால் வழித்தெடுக்க ஹீட் கன் நல்ல கருவி. ஆனால் பழைய எனாமலில் ஈயம் இருக்கும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்று இந்தியாவில் 2016இல் விதி வந்தது. 2017 நவம்பர் 1 முதல் நடைமுறை. அதற்கு முந்தைய கதவு என்றால் சந்தேகப்படுவதே சரி. 590 டிகிரியைத் தாண்டினால் ஈயம் ஆவியாய் எழும். முகத்தில் கட்டிய கைக்குட்டை அதைத் தடுக்காது. குழந்தையோ கர்ப்பிணியோ இருக்கும் வீட்டில் இந்த வேலையை எடுக்காதீர்கள். இந்தப் பத்திக்கு மாமாவின் மேற்கோள் இல்லை.

மரத்தின் இடுக்கில் தூசோ சிலந்திக்கூடோ இருந்தால் உள்ளே கனன்று, நீங்கள் கைகழுவிக் காபி குடிக்கும்போது புகையலாம். வேலை முடிந்தும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்து பாருங்கள்.

அப்பளம்

பொரியும். ஆனால் பறக்கும். அப்பளத்தை அமுக்கிப் பிடிக்க ஒருவர், கருவியைப் பிடிக்க ஒருவர், ஓடிப்போய்ப் பொறுக்க ஒருவர் என மூவர் தேவைப்படுவதால் சிக்கனமற்ற முறை. அதைவிட, காலையில் பெயிண்ட் வழித்த மூக்கு அது. சாப்பாட்டில் காட்டக் கூடாது.

ஆறவைத்தல்

சுவிட்சை அணைத்ததும் மூக்கு ஆறிவிட்டதாகக் கொள்வது பிழைபட்ட பாடம். குளிர்காற்று அமைப்பு இருந்தால் ஓரிரு நிமிடம் அதில் ஓடவிட்டு, பின்புறம் தரையில் ஊன்றி, மூக்கு வானம் பார்க்க நிறுத்தி, தொட்டுப் பார்க்கும் ஆசையுள்ள வயதினர் எட்டாத இடத்தில் ஆறவிட வேண்டும். எங்கள் ஏழு வீட்டில் ஆறு வீடு இதைச் செய்கிறது. ஒரு வீட்டிலிருந்து மட்டும் அது சுடச்சுட, கடைப் பையில் போட்டு, கைப்பிடியில் முடிச்சும் போட்டுத் திரும்பி வந்தது. பை உருகி மூக்கில் ஒட்டியதில் அதிலிருந்த எழுத்துகள் மட்டும் பிழைத்துக் கிடக்கின்றன. மைப்படி எடுத்தாயிற்று. முதல் எழுத்து ஜகரம், ஐயமில்லை. அடுத்தது வகரம், புள்ளி உண்டா இல்லையா என்பதில்தான் வழக்கு. ஜவுளி என்று ஒரு சாரார், ஜவ்வரிசி என்று மற்றொரு சாரார். பழைய கல்வெட்டுகளில் புள்ளி இடுவது அரிது என்பதால் இரண்டாம் சாரார் கை ஓங்கியிருக்கிறது. மாமா மட்டும் இது நிச்சயம் தமிழி என்கிறார்.