ஒல்லிக்கலை, தடிக்கலை: டயர்ச் சமயங்கள் பற்றி ஓர் ஆராய்ச்சி

வடகலையா தென்கலையா என்ற வழக்கு கோயில் யானையின் நெற்றி வரை போனது நாடறிந்தது. அதற்குச் சற்றும் இளைக்காத வழக்கொன்று நெடுந்தூர சைக்கிள் ஓட்டிகளிடையே நடக்கிறது. புலவர் எவரும் உரை எழுத முன்வரவில்லை. 23 மி.மீ. டயரே டயர் என்பார் ஒல்லிக்கலையார். 32க்குக் கீழே இறங்கமாட்டார் தடிக்கலையார். 28 போட்டுக்கொண்டு இரண்டு பந்தியிலும் சாப்பிடுவோர் நம் ஆராய்ச்சிக்குப் புறம்பு.

ஒல்லிக்கலையாரின் பூர்வபட்சமாவது: டயர் ஒல்லியானால் தரையில் படுவது குறையும், 120 பி.எஸ்.ஐ. காற்றடித்தால் வண்டி பறக்கும். அற்றன்று. தரையில் படும் பரப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை பாரமும் காற்றழுத்தமுமே. ஒரே அழுத்தத்தில் ஒல்லி டயரின் தடம் நீளும். தடி டயரின் தடம் குறுகி அகலும். தடம் நீண்டால் டயர் அதிகம் நெளியும். நெளிவில்தான் மிதித்த சக்தி சூடாகிக் காணாமற்போகிறது. இது வழவழப்பான சாலைக்குச் சொன்னது. ஜல்லி பெயர்ந்த சாலையில் விறைத்த டயர், கல்லுக்குக் கல் வண்டியையும் ஆளையும் தூக்கிப்போடும். அந்தத் தூக்குகூலியையும் கொடுப்பது நம் தொடைதான். பிரெவே என்னும் நெடுந்தூர ஓட்டத்தில் 200 கி.மீ.க்கு 13½ மணி நேரக் கெடு. அதுவரை குலுங்கிய முதுகு தானே மதம் மாறிவிடும்.

தடிக்கலையார் அதற்குள் கைதட்ட வேண்டாம். அகலம் கூடினால் காற்றைக் குறைக்க வேண்டும். 32இலும் 120 அடிப்பவர் இரு சமயத்துக்கும் துரோகி. மேலும், தடிப்பே போதுமென்றால் பால்காரர் வண்டியின் 28×1½ டயர் எல்லாரையும் முந்தியிருக்கும். டயரின் குணம் உள்ளே ஓடும் துணியில். அங்குலத்துக்கு 60 இழை என்றால் நூல் மொத்தம். 120 என்றால் மெலிது, வளைந்துகொடுக்கும். கடையில் பக்கச்சுவரைக் கிள்ளிப் பாருங்கள்: காடாவா மல்லா என்று விரலே சொல்லிவிடும்.

மல்லுக்கு விலை இரண்டு: ஒன்று பணம், மற்றது பஞ்சர். 1891இல் முதல் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பந்தயத்தை வென்ற சார்ல் தெரோன் ஓட்டியது, கழற்றி மாட்டக்கூடிய மிஷெலின் டயரில். ஒட்டுப்போடும் வேகமும் வேகமே என்பது அன்றே நிறுவப்பட்டது. நம் நெடுஞ்சாலை ஓரங்களில் வெடித்த லாரி டயர்கள் மயிரிழைக் கம்பிகளை உதிர்த்துவிட்டுப் போகின்றன. சைக்கிளுக்கு விட்டிருக்கும் இடமும் அந்த ஓரந்தான். கம்பியைப் பிடுங்காமல் புது ட்யூப் மாட்டுபவர் கொஞ்ச தூரத்தில் மறுபடி உட்காருவார். டயரின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்தால் கம்பி இருக்குமிடத்தில் இழை சிக்கும், விரலும் தப்பும். இந்தப் பொறுமை இல்லாதார்க்குக் கனத்த தடுப்புப் பட்டை வைத்த டயரே கதி. வேகம் சற்றுக் குறையும், வாங்கிக்கொள்க.

32 வாங்கப் புறப்படுமுன் பிரேக்கின் இடுக்கை அளக்கவும். பழைய ரோடு பைக்குகள் பலவற்றில் அது நுழையாது.

இவ்வளவும் ஆய்ந்து மாட்டிய சக்கரத்தில் இருப்பது பிரெஸ்டா வால்வு எனின், ஊர்ப்புறப் பஞ்சர் கடைப் பம்பு அதில் பொருந்தாது. சுண்டைக்காய் அளவில் பித்தளை அடாப்டர் ஒன்று கிடைக்கிறது. இரண்டாக வாங்கி வைக்கவும், ஒன்று எப்படியும் தொலையும்.